கடிகாரம் காட்டிய தூரம்

விஜயதசமி அன்று காலை அண்ணன் தன் கடிகாரத்தின் பொத்தானை அழுத்தினான், அது விழிக்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினான். பிறகு கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்திப் பிடித்தபடி கூடத்தின் நடுவில் நின்றான். சாம்பல் நிறத் திரையில் ஒரு கோடுகூடத் தோன்றவில்லை. அது எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை; விஜயதசமியில் தொடங்கலாம் என்று அம்மா சொன்னதால், அதைக் கட்டிக்கொண்டு அவன் இன்னும் ஓடவே இல்லை.

ஓட்டக்காரர்களுக்கென்று செய்யப்பட்ட கடிகாரம் அது. வானில் சுற்றும் செயற்கைக்கோள்களிடமிருந்து தன் இடத்தைத் தெரிந்துகொண்டு, கட்டியிருப்பவர் எவ்வளவு தூரம் ஓடினார் என்று மீட்டர் கணக்கில் சொல்லும். ஜிபிஎஸ் என்ற சொல்லையே முத்தியால்பேட்டையில் எங்கள் தெருக்காரர்கள் பலர் கேட்டிராத காலம். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியதாக, மணிக்கட்டிலிருந்து புடைத்துக்கொண்டு நிற்கும். பிரான்சில் இருக்கும் சித்தப்பா, விடுமுறைக்கு ஊருக்கு வந்த உறவினர் ஒருவரிடம் அதைக் கொடுத்தனுப்பியிருந்தார்.

அனுப்பியதற்குக் காரணம் இருந்தது. அப்பா பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் வழக்கில், ஒரு சொல்தா. அவர் வழியாக எங்களுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. ஆனால் அண்ணனுக்கான சான்றிதழ், பிறப்புப் பதிவில் இருந்த ஏதோ ஒரு குழப்பத்தால் ஆண்டுக்கணக்கில் இழுத்து, அந்த ஆண்டுதான் கைக்கு வந்தது. அதற்குள் அவன் பாலிடெக்னிக்கை இடையில் விட்டுவிட்டு, உழவர்கரைப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மூட்டைகளை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்வதற்கான வயது வரம்பு அவனுக்கு அடுத்த கோடையில் முடிகிறது. பிப்ரவரியில் அங்கே உடல்தகுதித் தேர்வு. பன்னிரண்டு நிமிடத்தில் இரண்டாயிரத்து எண்ணூறு மீட்டர் ஓட வேண்டும் என்று சித்தப்பா தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஓடினால் அவனுக்கென்று ஒரு வாழ்க்கை தொடங்கும். ஓடாவிட்டால் சித்தப்பா வீட்டுக் கூடத்தில் ஒரு படுக்கையும், ஏதேனும் ஒரு கடையின் பின்வாசலில் பெட்டி தூக்கும் வேலையும். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சாப்பிட உட்காரும்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் அப்போது பிரெஞ்சு இலக்கியத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ஆகவே கடிகாரத்தோடு வந்த பிரெஞ்சுக் கையேடு என்னிடம் வந்து சேர்ந்தது. அப்பாவின் பிரெஞ்சு, கட்டளைகளுக்கும் வசவுகளுக்கும் உணவு விடுதிகளுக்கும் உரியது; பொடி எழுத்தில் அச்சிட்ட எதையும் படிப்பதை அவர் தன் கௌரவத்துக்குக் குறைவாகக் கருதினார். "நீதான காலேஜுல பிரெஞ்சு படிக்கிற, என்னா சொல்லுதுன்னு பாரு" என்று அதை என் மடியில் போட்டார். கைவிடப்பட்ட அரசிகளின் புலம்பலைச் செய்யுளில் படித்துப் பழகியிருந்த எனக்கு, மின்கலம் பற்றிய ஒரு பத்தியைப் புரிந்துகொள்ள அகராதி தேவைப்பட்டது. அதை நான் வெளியே சொல்லவில்லை.

முதலில் சார்ஜரைச் சந்தேகித்தோம். அது ஒரு சிறு தொட்டில் போன்றது. அதற்குள் கடிகாரத்தை அழுத்தி வைக்க வேண்டும். அதன் உருண்டைக் கம்பிகள் இரண்டும் எங்கள் வீட்டுப் பிளக்கில் தளர்வாக ஆடின. காகிதத்தை மடித்து முட்டுக் கொடுத்தோம். சமையலறைப் பிளக்குக்கு மாற்றினோம். எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செருகிப் பார்த்தோம். அண்ணன் அதை மார்க்கெட் பக்கத்தில் செல்போன் பழுது பார்க்கும் ஒருவரிடம் எடுத்துப்போனான். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, திறந்தால்தான் தெரியும் என்றார். கூடப் போயிருந்த நான், திறக்கக் கூடாது என்று கையேட்டில் இருப்பதைச் சொல்லித் திருப்பி வாங்கிக்கொண்டேன். கடைப்படி இறங்கும்போது அண்ணனைப் பார்த்தேன். தன் உடலைப் பற்றி ஒரு மருத்துவர் கைவிரித்துவிட்டது போன்ற முகம் அவனுக்கு.

கடிகாரத்தின் பின்புறத்தை நான் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தது மறுநாள். உலோகப் புள்ளிகள் சில அங்கே வரிசையாகப் பதிந்திருந்தன. தொட்டிலிலிருந்து மின்சாரம் அவற்றின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஓரத்துப் புள்ளி மட்டும் பொன்னிறமாக மின்னியது. மற்றவற்றின் மேல் வெளிர்மஞ்சளாக ஏதோ ஓடு கட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம்.

ஆயுத பூஜைக்கு அம்மா சைக்கிள், தையல் இயந்திரம், அரிவாள்மனை, என் அகராதி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தபோது, கடிகாரத்தையும் விடவில்லை. கண்ணாடியில் வைத்தால் அண்ணன் கோபிப்பான் என்று யோசித்து, யார் கண்ணிலும் படாத பின்புறத்தில் வைத்திருந்தாள். சந்தனம் காய்ந்து புள்ளிகளை மூடிவிட்டது. அப்பாவின் ஒதிகோலோன் வாசனைத் திரவியச் சீசாவிலிருந்து பஞ்சில் இரண்டு சொட்டு எடுத்துத் துடைத்து, மிச்சத்தைப் பல்குச்சியால் எடுத்தேன். தொட்டிலில் வைத்ததும் கடிகாரம் ஒரு சிறு ஒலி எழுப்பியது. அண்ணன் என் தலையில் கைவைத்து அழுத்தினான். அவனுடைய நன்றி அவ்வளவுதான். அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "சாமிக்கு வச்சதுல என்னாடி கெட்டுப்போவும்? அது வரும்போதே அப்படித்தான் வந்திருக்கும்" என்றாள்.

உயிர் வந்த பிறகும் அது தூரம் காட்டவில்லை. செயற்கைக்கோள்களைத் தேடிக்கொண்டிருப்பதாகத் திரையில் ஒரு வரி. அதன் கீழே நிரம்பாத ஒரு பட்டை. அண்ணன் தெருவில் நின்று பார்த்தான். எங்கள் தெருவில் இரண்டு வீட்டு மாடிகளுக்கு நடுவே வானம் ஒரு துண்டுதான் தெரியும். மொட்டைமாடிக்குப் போனான். அங்கும் பட்டை பாதியில் நின்றது. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் காரணத்தைக் கண்டுபிடித்தேன். கடைசியாக இயங்கிய இடத்திலிருந்து வெகுதூரம் கொண்டுவந்துவிட்டால், கடிகாரம் பழைய இடத்தின் வானத்தில் இருக்கவேண்டிய செயற்கைக்கோள்களையே தேடும். திறந்த வெளியில் அசையாமல் வைத்து, அது தெளியும்வரை காத்திருக்க வேண்டும். அப்பாவிடம் விளக்கினேன்.

"அப்போ அது இன்னும் பிரான்சுலயே இருக்குறதா நெனச்சிக்கிட்டு இருக்குது" என்றார் அப்பா. "உங்க சித்தப்பனும் வந்தா ஒரு வாரம் அப்படித்தான். பகல்ல தூங்குவான்."

அடுத்த நாள் காலை, கடற்கரைச் சாலையில் அலைதடுப்புக் கற்களின் மேல் கடிகாரத்தை வைத்துவிட்டு நாங்கள் இருவரும் இருபுறமும் உட்கார்ந்தோம். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் எங்களைப் பார்த்தபடி போனார்கள். ஒருவர் நின்று, மீன் ஏதும் மாட்டுகிறதா என்று கேட்டார். வெயில் ஏறத் தொடங்கியபோது பட்டை நிரம்பியது. அண்ணன் அதைக் கட்டிக்கொண்டு எழுந்தான். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

கடற்கரைச் சாலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வடக்கே பழைய சாராய ஆலையிலிருந்து தெற்குக் கோடியில் இருக்கும் பூங்கா வரை போய்த் திரும்பினால் ஒரு ரவுண்டு. காலையில் வண்டிகள் வராத அந்தச் சாலையில் நடப்பவர்கள் எல்லோரும் ரவுண்டுக் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு ரவுண்டு மூன்று கிலோமீட்டர். இதை யார் அளந்தார்கள் என்று எவரும் கேட்டதில்லை. சர்க்கரை நோய்க்காரர்கள் மருத்துவரிடம் அதைத்தான் சொன்னார்கள். மருத்துவரும் அதையே திருப்பிச் சொன்னார். அப்பா ராணுவத்துக்குப் போவதற்கு முன் ஓடிப் பழகியது அந்தச் சாலையில். ஒரு ரவுண்டைப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடித்தவர் அவர் என்பது எங்கள் வீட்டில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. அண்ணனும் மழைக்காலம் தொடங்குமுன்பே சாதாரணக் கைக்கடிகாரத்தை வைத்து ஒரு ரவுண்டைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்திருந்தான். மூவாயிரம் மீட்டர். தேவைக்கு மேல் இருநூறு. கடிகாரம் அதற்கு ஒரு சாட்சியாக இருந்தால் போதும் என்பதே அவன் எண்ணம்.

அன்று ஒரு ரவுண்டு முடித்து, மூச்சு வாங்க என் முன் கையை நீட்டினான். திரையில் இரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம் இருந்தது.

"இன்னும் கோளாறா இருக்குது பாரு" என்றான்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கையேட்டில் அதற்கு ஆதரவும் இருந்தது. மரங்களும் கட்டடங்களும் மறைத்தால் கடிகாரம் சில இடங்களைத் தவறவிடும். வளைவுகளைக் குறுக்கே வெட்டி, தூரத்தைக் குறைத்துக் காட்டும். ஆகவே நான் முறையாகத் தொடங்கினேன். அளவு மைலில் இருக்கிறதா, கிலோமீட்டரில் இருக்கிறதா என்று பார்த்தேன். இடத்தைக் குறிக்கும் இடைவெளியை மிகக் குறுகியதாக மாற்றினேன். மணிக்கட்டின் உட்புறம் கட்டச் சொன்னேன், பிறகு வெளிப்புறம். கட்டடங்களை ஒட்டி ஓடாமல் கடலை ஒட்டி ஓடச் சொன்னேன். எல்லா அமைப்புகளையும் அழித்து, புதிதாக வாங்கியதுபோல ஆக்கி, மீண்டும் கற்களின் மேல் வைத்துக் காத்திருந்தோம். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே மாற்றினேன்; எது பயன் தந்தது என்று தெரிய வேண்டுமல்லவா. எதுவும் பயன் தரவில்லை. எண் சில மீட்டர் மேலும் கீழும் அசைந்து, அதே இடத்தில் வந்து நின்றது.

இதற்கிடையே மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசியும் கார்த்திகையும் எங்கள் ஊரில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வாரத்தில் இரண்டு நாள் ஓட முடிந்தால் அதிகம். அந்த இரண்டு நாளிலும் பாதி நேரம் கடிகாரத்தைத் திருத்துவதில் போனது. மேகத்தால்தான் குறைகிறது என்றான் அண்ணன். மேகம் தடையில்லை என்று கையேடு சொல்கிறது என்றேன். அவன் கையேட்டை வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தான், அவனுக்கு அந்த மொழி தெரியாது, இருந்தாலும் பார்த்துக்கொண்டிருந்தான். விமானத்தில் இடம் பொங்கல் முடிந்த வாரத்துக்குப் போட்டாகிவிட்டது. வேலையிலும் சொல்லிவிட்டான். இனி அங்கே திரும்ப எடுக்கமாட்டார்கள்.

அப்பாவுக்குக் கவலை எதுவும் இல்லை. "வானத்துல இருக்குறவனுக்கு நம்ம ஊரு ரோடு என்னா தெரியும்?" என்பார். "ஒன் காலு சொல்லுதில்ல, அத நம்பு."

வகுப்பில் அந்த மாதம் மூலபாட ஆய்வு பற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். ஒரே செய்யுளுக்கு இரண்டு பிரதிகள் இரண்டு பாடங்களைத் தரும்போது, நமக்குப் பழகிய பாடம் சரி என்று தொடங்கக் கூடாது. இரண்டுக்கும் வெளியே இருக்கும் ஒன்றோடு ஒப்பிட வேண்டும் என்று பேராசிரியர் சொன்னார். நான் குறிப்பு எடுப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வாரமாக நான் கடிகாரத்தை மட்டும்தான் சோதித்திருந்தேன்.

ஊரின் தெற்கே உப்பளம் என்ற பகுதியில் விளையாட்டரங்கம் இருக்கிறது. அதன் ஓடுபாதை நானூறு மீட்டர். அதற்கென்றே அளந்து போட்டது. மழை விட்ட ஒரு பிற்பகலில், அண்ணனுக்குத் தெரியாமல் கடிகாரத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்தில் போனேன். பயிற்சிக்கு வந்த பள்ளிப் பெண்கள் ஒரு மூலையில் காலை நீட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்நியர் முன்னால் நடப்பதுகூட எளிதல்ல. துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, உள்கோட்டை ஒட்டி ஒரு சுற்று நடந்தேன்.

நடக்கும்போது ஒன்றை மட்டும் வேண்டிக்கொண்டே போனேன்: முந்நூற்று இருபது, முந்நூற்று முப்பது என்று காட்டட்டும். கடிகாரம் பழுதாகவே இருக்கட்டும். எத்தனையோ நாள் அது சரியாக வேண்டும் என்று உட்கார்ந்திருந்தவள், அந்த ஒரு சுற்றில் அது கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு காட்டியது. மறுபடி நடந்தேன். நானூற்று மூன்று. மூன்றாவது சுற்று நடக்க வேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் நடந்தேன். அதுவும் அப்படித்தான். கடிகாரத்துக்குச் சிறு பிழைகள் இருந்தன. அவை இரு பக்கமும் சாய்ந்தன. ஒரு ரவுண்டில் அறுநூறு மீட்டரை விழுங்கும் பிழை அதனிடம் இல்லை.

அப்படியென்றால் சாலை மூன்று கிலோமீட்டர் இல்லை. என் அண்ணன் பன்னிரண்டு நிமிடத்தில் மூவாயிரம் மீட்டர் ஓடவே இல்லை. அவனுக்கு உபரியாக இருநூறு இல்லை; குறைவாக ஏறத்தாழ நானூறு இருந்தது. அது நம்மைப் போன்றவர்களுக்குச் சிறு தூரம். ஓடுகிறவனுக்கு அது மாதக்கணக்கான உழைப்பு. ஊரிலிருந்து கிளம்ப அவனிடம் மிச்சம் இருந்தது ஒரு மாதம்; தேர்வுக்கு அதற்கு மேல் சில வாரம்.

இரண்டு நாள் என்னால் சொல்ல முடியவில்லை. மூன்றாம் நாள் காலை அவன் ஓடி முடித்து, கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து காலணி நாடாவைத் தளர்த்திக்கொண்டிருந்தான். நல்ல மனநிலையில் இருந்தான். பன்னிரண்டு நிமிடம் ஆவதற்குள் ரவுண்டை முடித்துவிட்டதாகச் சொன்னான்.

"வாட்சுல கோளாறு இல்லண்ணா" என்றேன்.

"சரி பண்ணிட்டியா?"

"அது முன்னயே சரியாத்தான் இருந்திருக்குது. ரோடுதான் கம்மி."

அவன் சிரித்தான். "ரோடு கம்மியா? என்னா, கடல் தின்னுடுச்சா?"

நான் உப்பளத்துக்குப் போனதைச் சொன்னேன். ஒவ்வொரு சுற்றுக்கும் என்ன காட்டியது என்று சொன்னேன். அவன் நாடாவை விட்டுவிட்டு, சாலையின் வடக்குக் கோடியைப் பார்த்தான்; பிறகு தெற்கே பார்த்தான். நடைக்காரர்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் அப்பாவின் நண்பர்; கையை உயர்த்தி, எத்தனை ரவுண்டு என்று அண்ணனைக் கேட்டபடி கடந்தார். அண்ணன் ஒரு விரலைக் காட்டினான்.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?" என்று என்னைக் கேட்டான்.

"முந்தாநாளிலேர்ந்து."

அவன் நாடாவை இறுக்கி முடிந்துகொண்டு எழுந்தான். அன்று மாலையே உப்பளத்துக்குப் போனோம். இரண்டாயிரத்து எண்ணூறு மீட்டர் என்றால் அந்தப் பாதையில் சரியாக ஏழு சுற்று. இவ்வளவு எளிதான கணக்கு எங்கள் ஊரிலேயே, ஒரு பேருந்துப் பயணத் தொலைவில், தரையில் வரைந்து கிடந்தது. அவன் ஓடினான். நான் கோட்டின் அருகே நின்று எண்ணினேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் நான் கையை உயர்த்தியபோது அவன் ஆறாவது சுற்றைத் தாண்டி முதல் வளைவில்தான் இருந்தான். அங்கேயே நின்றான். திரும்பி, தான் ஓடியிருக்க வேண்டிய மீதிப் பாதையைப் பார்த்தான். வெறும் கண்ணால் பார்த்தாலே அது நீளமாக இருந்தது.

வீட்டில் அப்பாவிடம் அவனே சொன்னான். அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குரலை உயர்த்தாமல் பேசினார். அவர் அப்படிப் பேசுவது அரிது. ஊரே மூன்று கிலோமீட்டர் என்று சொல்லும் ஒன்றை, அப்படி இல்லை என்று ஒரு கைக்கடிகாரம் சொன்னால் எதை நம்புவது என்று கேட்டார். நான் நானூறு மீட்டர் பாதையைப் பற்றிச் சொன்னேன். வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றார்.

"நான் இந்த ரோட்டுல ஓடிட்டுத்தான் போனேன். என்ன எடுத்துக்கலையா?"

"உங்களுக்கு அப்போ வேற டெஸ்ட்டு வச்சிருப்பாங்கப்பா" என்றான் அண்ணன்.

அதை அவன் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் அப்பா எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அதன் பிறகு அவர் ஓட்டத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார். காலையில் நடக்கப் போவதை மட்டும் நிறுத்தவில்லை.

மார்கழி தொடங்கியதிலிருந்து அண்ணன் உப்பளத்தில் ஓடினான். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. நான் கல்லூரி முடிந்து நேராக அங்கே போய்விடுவேன். பாடப் புத்தகத்தை மடியில் வைத்திருப்பேன். ஒரு வரியும் உள்ளே போகாது. கடிகாரம் இப்போது எந்தத் தொல்லையும் தரவில்லை. கட்டிய சற்று நேரத்தில் வானத்தைக் கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒலி எழுப்பும்படி அமைத்துக் கொடுத்திருந்தேன். அது எழுப்பும் ஒவ்வொரு ஒலியும் அவன் பின்தங்கியிருக்கிறான் என்பதைத்தான் சொன்னது. பழுதாக இருந்தபோது அதன் மேல் கோபப்பட முடிந்தது. சரியான பிறகு அதற்கும் வழியில்லை.

தூரம் கூடத்தான் செய்தது. முதல் வாரத்தில் கால் சுற்று. அடுத்த வாரத்தில் அதைவிடக் குறைவு. கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் ஆறே முக்காலை நெருங்கினான். அன்று பேருந்தில் அவன் பேசிக்கொண்டே வந்தான். அங்கே குளிர் இருப்பதால் இன்னும் வேகமாக ஓட முடியும் என்று சித்தப்பா சொன்னதைச் சொன்னான். மறுநாள் காலையில் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலித்தது. வலியோடேயே ஓடினான். நான்கு நாளில் படியிறங்கவே பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருந்தது. ஓய்வு எடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு ஆறு வாரம் என்றார். அண்ணன் நன்றி சொல்லிவிட்டு எழுந்துகொண்டான்.

ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் காலில் வைத்தபடி ஒரு பகலில் அவன் என்னிடம் கேட்டான்.

"பாப்பா, அந்தப் பொஸ்தகத்துல கூட்டிக் காட்டுறதுக்கு வழி எதாவது போட்டிருக்குதா?"

எனக்கு உடனே விளங்கவில்லை.

"தூரத்ததான். கொஞ்சம் கூடக் காட்டுறாப்பல. நான் ஓடும்போது மட்டும். அங்க போயி காட்டுறதுக்கு இல்ல." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னான்: "ஏழுன்னு ஒரு தடவ பாத்தா காலு நம்பிடும்."

"இல்லண்ணா. அப்படி எதுவும் இல்ல."

"இருந்தா சொல்லுவியா?"

நான் யோசித்தேன். அவன் கேட்டதற்கு உண்மையான பதிலைத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "மாட்டேன்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். கோபமாகத் தெரியவில்லை. ஐஸ் கட்டியை இடம் மாற்றி வைத்துக்கொண்டான். அந்த நொடியில் அவனுக்காக நான் எந்தப் பொய்யையும் சொல்லியிருப்பேன். அதை வைத்துக்கொண்டு அவனால் ஒரு மீட்டர்கூட ஓட முடியாது என்பதுதான் என்னைத் தடுத்தது.

பொங்கலுக்குப் பிறகு அவன் கிளம்பினான். வலி சற்றுக் குறைந்திருந்தது. கடைசியாக ஒரு முறை ஓடிப் பார்க்கலாமா என்று கேட்டான், வேண்டாம் என்றேன், ஓடவில்லை. அம்மா அவன் பெட்டியில் ஊறுகாயும் கம்பளிச் சட்டையும் வைத்தாள். சென்னை விமான நிலையத்துக்கு அப்பாதான் கூடப் போனார். வாடகைக் காரில் இருவரும் பின்னிருக்கையில், நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பிப்ரவரியில் ஒரு பிற்பகல் தொலைபேசி ஒலித்தது. நான்தான் எடுத்தேன்.

"ஏழு வரல பாப்பா" என்றான் அண்ணன்.

எவ்வளவு குறைந்தது என்று கேட்டேன். அரைச் சுற்று இருக்கும், கொஞ்சம் குறைவாகவும் இருக்கலாம் என்றான். ஓடுமுன் எல்லோருடைய கைக்கடிகாரங்களையும் கழற்றி வாங்கிவிட்டார்களாம். கூட ஓடியவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களாம். காற்று தொண்டையை அறுத்ததாம். கால் வலிக்கவே இல்லை என்றான். அதை இரண்டு முறை சொன்னான். இன்னொரு வாய்ப்பு உண்டா என்று கேட்டேன். வயதைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை என்றான். சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒரு காய்கறிக் கிடங்கில் திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றான்.

அவன் ரிசீவரைக் கை மாற்றும் ஒலி கேட்டது.

"அக்டோபர்லயே உப்பளத்துல ஏழு சுத்துன்னு தெரிஞ்சிருந்தா" என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை.

அந்த வாக்கியத்தை நான் ஏற்கெனவே பலமுறை எனக்குள் முடித்துப் பார்த்திருந்தேன். சந்தனத்தைத் துடைத்த நாட்கள், கற்களின் மேல் காத்திருந்த காலைகள், ஒவ்வொரு அமைப்பாக மாற்றி அழித்து மாற்றிய வாரங்கள். அந்த நாட்களில் கால் வலியெடுக்காமல், நிதானமாக, ஒவ்வொரு வாரமும் சில மீட்டராக ஏறியிருக்கலாம். கடிகாரம் முதல் நாளே சொன்னதை நாங்கள் பழுது என்று பெயரிட்டு, அதைச் சரிசெய்வதிலேயே அவனிடம் இருந்த காலத்தைச் செலவழித்துவிட்டோம். அவனிடம் இதைச் சொல்லி என்ன பயன். "ம்" என்று மட்டும் சொன்னேன்.

அப்பா கூடத்துக்கு வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ரிசீவரை வாங்கிக்கொண்டார். மகனிடம் உடல்நலம் கேட்கவில்லை. அவன் சொல்வதைச் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, மிகத் தணிந்த குரலில், கெஞ்சுவது போலக் கேட்டார்:

"அங்க இருக்குற அந்த டிராக்க யாராவது அளந்து பாத்தாங்களா?"

அண்ணன் என்ன பதில் சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்பா "சரி" என்றார். இன்னொரு முறை "சரி" என்றார். மறுமுனையில் வைத்துவிட்ட ஒலி எனக்கே கேட்டது. அவர் ரிசீவரை இரு கைகளாலும் பிடித்தபடி, காதிலிருந்து எடுக்காமல் நின்றார். நான் அதை அவரிடமிருந்து வாங்கவில்லை.